பூட்டுக்குறிக்காகப் போனேன்: லெட்ஸ் என்கிரிப்ட் சேவையுடன் என் ஏழு வருடம்

“தம்பி, உங்க பக்கத்தைத் திறந்தா மேலே ‘பாதுகாப்பற்றது’ன்னு வருதே. மெஷின் போட்டோவை அனுப்பலாமா, வேண்டாமா?”

2018 ஜூலைக் கடைசியில் ஒரு அம்மா எனக்கு எழுதிக் கேட்டது இது. என் தளத்தில் கேள்வி அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. அவர் அதைத் தொடவே இல்லை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்து, தனியாகக் கடிதம் போட்டிருந்தார். அவ்வளவு மெனக்கெட அவருக்கு மனம் இருந்தது. மனம் இல்லாமல் அந்த எச்சரிக்கையைப் பார்த்ததுமே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் தளம் தையல் மெஷின் பழுது பற்றியது. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மெஷின் சரிபார்த்தவர். ஊசி அடிக்கடி முறிவது, கீழ்நூல் கொத்தாகச் சிக்குவது, தையல் விழாமல் தாண்டித் தாண்டிப் போவது என ஒவ்வொன்றுக்கும் காரணமும் கைவைத்தியமும் நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்து, அவர் கையால் வரைந்த படங்களை ஸ்கேன் செய்து போட்டேன். விற்க அங்கே எதுவும் கிடையாது. வருகிறவர்கள் பெயர், மின்னஞ்சல், கேள்வி, மெஷினின் படம் ஆகியவற்றை அனுப்புவார்கள்; நான் அப்பாவிடம் கேட்டுப் பதில் எழுதுவேன். விற்பனையே இல்லாத தளத்துக்குப் பாதுகாப்பு எதற்கு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. வெறும் எச்டிடிபி, அதாவது மறைத்து அனுப்பாத பழைய வழியில் போகும் எதுவும் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டது மாதிரிதான். நடுவில் இருக்கும் எவரும் படிக்கலாம், மாற்றியும் அனுப்பலாம். அந்த மாதம் வந்த குரோம் 68, எச்டிடிபியில் இருக்கும் எல்லாத் தளங்களுக்கும் அந்த எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியிருந்தது. என் தளம் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. பிரவுசர் அதை வெளியே சொன்னது, அவ்வளவுதான்.

அந்த எச்சரிக்கை போக, இந்தத் தளம் இந்தப் பெயருக்குரியதுதான் என்று பிரவுசருக்குக் காட்டி, தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அடுத்த வாரமே அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டுக்குப் போனேன். இன்று வரை அதில்தான் இருக்கிறேன். இலவசம் என்பதால் எடுத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சொந்தத் தளம் வைத்திருக்கும் யாருக்காவது இது உதவும் என்று நினைத்து, நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

லெட்ஸ் என்கிரிப்டை நடத்துவது இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு. மொசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. 2015 செப்டம்பர் 14-இல் முதல் சான்றிதழ். அந்த டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் நூறு கோடியாவது சான்றிதழைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் சான்றிதழ் வாங்குவது என்றால் பணம் கட்டி, மெயிலில் வரும் இணைப்பை அழுத்தி, கோப்பை இறக்கி, தளம் இருக்கும் கணினியான சர்வரில் ஏற்றி, அடுத்த வருடம் மறக்காமல் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். என்னை மாதிரி ஆட்கள் அந்தப் பக்கமே போகாததற்கு அதுதான் காரணம்.

இங்கே எல்லாமே நிரல் பார்த்துக்கொள்கிறது. சர்ட்பாட் என்ற சின்ன மென்பொருளை சர்வரில் நிறுவினால் போதும். “இந்த டொமைன் (தளத்தின் பெயர்) என்னுடையது, சான்றிதழ் வேண்டும்” என்று அது கேட்கும். “அப்படியானால் இந்த எழுத்துத் தொடரை உன் தளத்தில் இந்த இடத்தில் வை, நான் வந்து பார்க்கிறேன்” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். சர்ட்பாட் வைக்கும், அவர்கள் வந்து பார்ப்பார்கள், சான்றிதழ் வந்துவிடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். 2020-இலிருந்து அந்தச் சரிபார்ப்பை ஒரே இடத்திலிருந்து செய்யாமல், வலையின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கிறார்கள். நடுவில் ஒரு பாதையை மட்டும் யாராவது திருப்பிவிட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்காக. கேட்பவனிடம் காசு வாங்காத இடத்தில் இவ்வளவு கவனம் இருப்பது எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது.

ஆனால் எனக்கு அந்த ஒரு நிமிடம் முதல் நாள் அமையவில்லை. திரும்பத் திரும்ப “கோப்பு கிடைக்கவில்லை” என்றே வந்தது. என் பிரவுசரில் திறந்தால் அந்தக் கோப்பு கண்முன்னே இருக்கிறது. ஐந்து முறை தோற்றதும் கதவை மூடிவிட்டார்கள்: ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் போனால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் வரிகளை, ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு சர்வருக்குப் பழைய வகை (ஐபிவி4), புதிய வகை (ஐபிவி6) என இரண்டு எண் முகவரிகள் இருக்கலாம். முன்பு ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து (சர்வரை வாடகைக்குத் தரும் இடம்) வேறொன்றுக்கு மாறியபோது ஐபிவி4 முகவரியை மாற்றியிருந்தேன். ஐபிவி6 முகவரி பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் இரண்டும் இருந்தால் ஐபிவி6-ஐத்தான் முதலில் நாடும். என் வீட்டு இணைப்பில் ஐபிவி6 கிடையாது, அதனால் எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. அந்தப் பழைய வரியை நீக்கினேன், காத்திருந்தேன், மறுபடி கேட்டேன், வந்துவிட்டது.

இதில் எனக்கு உறைத்தது வேறு விஷயம். அதுவரை ஐபிவி6 இணைப்பில் வந்த வாசகர்கள் பலர் என் பழைய சர்வரின் வாசலில்தான் போய் நின்றிருக்கிறார்கள். தளமே செத்துப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். சான்றிதழ் கேட்கப் போகாமல் இருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

சான்றிதழ் வந்தும் முகவரிப் பட்டியில் பூட்டுக்குறி வரவில்லை. அப்பா வரைந்த படங்களை நான் பக்கங்களில் சேர்த்தபோது, ஒவ்வொன்றின் முகவரியையும் எச்டிடிபி என்று முழுசாக எழுதியிருந்தேன். பக்கம் பாதுகாப்பான வழியில் வந்தாலும் படங்கள் பழைய வழியில் வந்தால் அன்றைய பிரவுசர் பூட்டைக் காட்டாது. நூற்றுக்கும் மேல் படங்கள். அன்று இரவே எல்லா முகவரிகளையும் திருத்தினேன். கடைசிப் பக்கம், பாபின் கேஸில் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று காட்டும் படம், அதையும் மாற்றிச் சேமித்துப் பார்த்தபோது பூட்டு வந்தது. அந்த அம்மாவுக்கு எழுதினேன்: “இப்போது பார்த்துவிட்டு அனுப்புங்கள் அம்மா.” மறுநாள் படிவத்திலேயே படம் வந்தது. ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தார். தட்டையான பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அப்பா ஒரு வரியில் சொன்னார், சரியாகிவிட்டது.

இனி இந்தச் சேவையை எடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இந்தச் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள்தான். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான், வேண்டுமென்றே வைத்தது. சான்றிதழோடு சேர்ந்த ரகசியச் சாவி திருட்டுப் போனாலும் பாதிப்பு சீக்கிரம் முடியும் என்பது ஒரு காரணம். குறைந்த நாளாக இருந்தால் எல்லோரும் புதுப்பித்தலைத் தானியங்கியாக்கிவிடுவார்கள் என்பது இன்னொன்று. சர்ட்பாட் தினமும் எட்டிப் பார்த்து, 30 நாள் மீதி இருக்கும்போது புதிதாக வாங்கி வைத்துவிடும். நானும் அதை நம்பி விட்டுவிட்டேன். முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் ஒரு தையல் ஆசிரியையிடமிருந்து கடிதம். பத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர். முந்தின நாள் வகுப்பில் என் தளத்தின் முகவரியைப் பலகையில் எழுதிப்போட்டு, நூலின் டென்ஷனை (இறுக்கத்தை) சரிசெய்வது பற்றிய பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பத்து ஃபோனிலும் பக்கத்துக்குப் பதிலாக எச்சரிக்கை: உங்கள் தகவலைத் திருட யாரோ முயலலாம் என்று. “பிள்ளைகள் இது திருட்டுத் தளமா டீச்சர் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். கோபமான ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அதனால்தான் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

சர்வரில் போய்ப் பார்த்தால் சான்றிதழ்க் கோப்பு புத்தம் புதிதாக இருக்கிறது. 30 நாளுக்கு முன்பே சர்ட்பாட் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டது. ஆனால் அதற்குச் சில வாரம் முன்னால் நான் சர்வரின் அமைப்பை மாற்றியிருந்தேன். அந்தப் புதிய அமைப்பில் புதுச் சான்றிதழ் வந்தவுடன் இணைய சர்வர் (பக்கங்களை வாசகருக்குக் கொடுக்கும் மென்பொருள்) அதை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. இணைய சர்வர் தொடங்கும்போது படித்த சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் புதியது, வாசகர் கையில் பழையது. 90-ஆம் நாள் பழையது காலாவதியானது. ஒரே ஒரு கட்டளையில் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் தளத்துக்கு எச்எஸ்டிஎஸ் போட்டிருந்தேன். இந்தத் தளத்துக்கு எப்போதும் பாதுகாப்பான வழியில் மட்டுமே போ என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரு வரி அது. நான் ஒரு வருடத்துக்கு என்று கொடுத்திருந்தேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இருக்கும் தளத்தில் சான்றிதழ் கெட்டால், “பரவாயில்லை, உள்ளே போகிறேன்” என்று தாண்டிப் போகிற வழியையும் பிரவுசர் எடுத்துவிடும். ஏற்கெனவே என் தளத்துக்கு வந்து பழகியவர்களின் பிரவுசரில்தான் அந்த வரி பதிந்திருக்கும். ஆக, அடிக்கடி வருகிறவர்களுக்குத்தான் கதவு முழுசாக அடைபட்டது.

ஆசிரியைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினேன். தளத்தின் முகப்பிலும் எந்தத் தேதியில், என்ன தவறு, யார் தவறு, வாசகர் அனுப்பிய எதுவும் வெளியே போகவில்லை என்று நான்கு வரி போட்டேன். அது இன்றும் தளத்தில் இருக்கிறது. எடுக்கவில்லை. அவர் அதை அப்படியே வகுப்பில் படித்துக்காட்டியதாகப் பிறகு சொன்னார்.

அதனால் என் சிபாரிசு இது: கோப்பு புதிதா என்று சர்வருக்குள் இருந்து பார்க்காதீர்கள். வாசகர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். நான் வேறொரு கணினியிலிருந்து தினமும் காலையில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் மூலம் தளத்தைத் தொட்டு, அது கையில் கொடுக்கும் சான்றிதழுக்கு எத்தனை நாள் மீதி என்று மட்டும் கேட்கிறேன். முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்டே மெயில் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலோர் தானியங்கியாகப் புதுப்பிக்கிறார்கள், லட்சக்கணக்கான மெயில் முகவரிகளைச் சேர்த்து வைப்பது தனியுரிமைக்கு நல்லதல்ல, செலவும் ஆகிறது என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனாலும் ஒற்றை ஆளாகத் தளம் நடத்துகிறவர்களுக்கு அது ஒரு கைத்தடியாக இருந்தது. எனக்கு அது போனதில் வருத்தம் உண்டு. அதேசமயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: என் விஷயத்தில் அந்த மெயில் வந்திருக்கவே வந்திருக்காது. அவர்கள் கணக்கில் நான் புதுப்பித்துவிட்டவன்.

இன்னொரு சின்ன விஷயம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏறும். தவறாக யாருக்காவது சான்றிதழ் கொடுக்கப்பட்டால் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் சோதனைக்கு என்று ஒரு துணை டொமைன் (தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்) வைத்துச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயரையும் உலகமே பார்க்கலாம். ரகசியமான பெயர்களை அதில் வைக்காதீர்கள். எத்தனையோ துணை டொமைன்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைல்ட்கார்டு என்ற ஒரே சான்றிதழும் வாங்கலாம், 2018 மார்ச்சிலிருந்து அது உண்டு. அதற்கு டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்க வேண்டும்.

ரொம்பப் பழைய ஃபோன் வைத்திருக்கும் வாசகர்கள் உங்களுக்கு இருந்தால் யோசிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய ஃபோன்களுக்கு லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழை, அதாவது அவர்கள் தரும் மற்ற எல்லாவற்றையும் நம்புவதற்கு அடிப்படையான சான்றிதழை, தெரியாது. வேறொரு பழைய நிறுவனத்தின் கையொப்பத்தைச் சேர்த்து அவற்றைப் பல வருடம் தாங்கினார்கள். 2024 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது. என் வாசகர்களில் அப்படிச் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு இப்போது மெயிலில் பக்கத்தையே அனுப்புகிறேன்.

பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ் இன்னும் நம்பிக்கை தருமா என்று கேட்பார்கள். நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்துக் கொடுக்கும் வகைகள் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அவற்றைத் தருவதில்லை. டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கும். ஒரு காலத்தில் அந்த விலையுயர்ந்த வகைக்கு முகவரிப் பட்டியில் நிறுவனத்தின் பெயர் பச்சையில் வரும். 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பெயரை அங்கிருந்து எடுத்துவிட்டன. இப்போது வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பந்தப்படியோ சட்டப்படியோ உங்களிடம் அந்த வகை கேட்டால் தவிர, என்னைப் போன்ற தளத்துக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு.

ஆனால் இதே காரணத்தால் இந்தச் சான்றிதழிடம் எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஏமாற்றுக்காரனும் டொமைன் வாங்குவான், அவனுக்கும் இதே சான்றிதழ் கிடைக்கும். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: நீங்கள் இந்த டொமைனோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவன் நல்லவனா என்று அதற்குத் தெரியாது. வாசகர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் 117 அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி போட்டது. பூட்டுக்காக ஒரு இரவு முழுக்கக் கண்விழித்தவன் என்றாலும், அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

எனக்கு இது புரிந்தது ஒரு வாசகர் அனுப்பிய படத்தில். மெஷினின் பாபின் கேஸை அருகில் வைத்து எடுத்த படம். அளவைக் குறைக்கத் திறந்தபோது, படத்துக்குள் அவர் வீடு இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அப்படியே பதிந்திருந்தது. ஃபோன் கேமரா எழுதி வைத்தது. வழியில் யாரும் பார்க்காமல் பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்த தகவல். இனி அது என் பொறுப்பு. அன்றிலிருந்து படம் வந்தவுடன் அந்தத் தகவலை நீக்கும் ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்தேன். பதில் அனுப்பி 30 நாளில் படத்தையும் அழித்துவிடுகிறேன். படிவத்துக்கு மேலேயே அதை எழுதியும் வைத்திருக்கிறேன், சின்ன எழுத்தில் இல்லாமல். அப்பாவின் பெயர், அவர் வேலை செய்யும் படம், தவறான பதில் கொடுத்த இடங்களில் தேதியோடு திருத்தம், இவையெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இவற்றை எந்தச் சேவையும் எனக்காகச் செய்து தராது.

சரி, எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள். முதலில் உங்கள் ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையில் பாருங்கள், பல இடங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வந்துவிடும். சொந்தமாக சர்வர் நடத்துகிறீர்கள் என்றால் முதலில் அவர்களுடைய சோதனைத் தளத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே வரம்பு தாராளம், நான் ஐந்து முறை தோற்று வாசலில் நின்ற மாதிரி நிற்க வேண்டாம். புதுச் சான்றிதழ் வந்தவுடன் சர்வர் அதை ஏற்றிக்கொள்ளும் கட்டளையை அன்றைக்கே எழுதுங்கள். எச்எஸ்டிஎஸ்ஸை இரண்டு மூன்று புதுப்பித்தல் ஒழுங்காக நடந்த பிறகு போடுங்கள், முதலில் குறைந்த நாளுக்கு. கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சுக்குள் 47 நாளாக்க, பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தாலும் அதே 47 நாள்தான்.

இன்று காலை என் கணினியில் வந்த எண் 58. அது 20-க்குக் கீழே இறங்கினால் எனக்கும், அப்பாவின் ஃபோனுக்கும் செய்தி போகும்படி வைத்திருக்கிறேன்.